67 வயதில் மாஸ்டர்ஸ் பட்டமா? இல்லை

"67 வயதில் மாஸ்டர்ஸ் வென்ற பெர்ன்ஹார்ட் லாங்கர்! வயது வெறும் எண்!" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கோல்ஃப் வீரர் லாங்கர் உண்மை, வயது உண்மை, கோப்பைதான் வேறு. மாஸ்டர்ஸ் என்பது கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்று.

அந்த ஜெர்மானிய வீரர் மாஸ்டர்ஸ் வென்றது 1985, 1993 ஆகிய ஆண்டுகளில். மாஸ்டர்ஸ் வென்றவர்களில் மூத்தவர் ஜாக் நிக்லாஸ். 1986இல் வென்றபோது அவருக்கு 46 வயது. 2025இல் கடைசியாக மாஸ்டர்ஸ் ஆடிய லாங்கர், ஒரே ஒரு ஸ்ட்ரோக் (பந்தை அடிக்கும் எண்ணிக்கை) வித்தியாசத்தில் இறுதிச் சுற்றுகளுக்குப் போகாமல் வெளியேறினார்.

67 வயதில் அவர் வென்றது, 50 வயது நிறைந்தவர்களுக்கான பிஜிஏ டூர் சாம்பியன்ஸ் தொடரின் 2024 பருவக் கடைசிப் போட்டி. இடம் ஃபீனிக்ஸ். கடைசிக் குழியில் சுமார் 30 அடி தூரத்திலிருந்து உருட்டிய பந்து உள்ளே போனது. ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வெற்றி. அந்தத் தொடரில் அது அவருக்கு 47ஆவது பட்டம். அதே ஆண்டு பிப்ரவரியில் குதிகால் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்! பொய் சேர்க்காமலே வியக்க இவ்வளவு இருக்கிறது.

இன்னொன்று: பருவம் முழுவதற்குமான சார்லஸ் ஷ்வாப் கோப்பை அவருக்கல்ல, நியூசிலாந்தின் ஸ்டீவன் ஆல்கருக்கு.

மாஸ்டர்ஸ், பிஜிஏ டூர் இணையதளங்களில் வெற்றியாளர் பட்டியல் இருக்கிறது, பாருங்கள். அந்தப் படம் வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.