நியூட்ரலில் உறுமவிட்டு ‘நல்லாத்தானே இருக்கு’ என்கிறார்கள்

“வண்டி நல்லாத்தான் மேடம் இருக்கு. நீங்க கியரைக் கொஞ்சம் லேட்டா மாத்துறீங்க, அவ்வளவுதான்.”

இன்று காலை ஒர்க்ஷாப் மெக்கானிக் இப்படிச் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. 14 வருடமாகக் கார் ஓட்டுகிறேன். அதில் 6 வருடம் இதே வண்டி. இத்தனை நாள் வராத குலுக்கல் இரண்டு மாதமாக வருகிறதென்றால் கெட்டுப்போனது என் காலா, வண்டியா?

என்ன குலுக்கல் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது கியரில் 40-இல் போய்க்கொண்டிருப்போம். முந்தலாம் என்று ஆக்சிலரேட்டரை மிதிப்போம். அரை நொடிக்கு ஒன்றுமே நடக்காது. அப்புறம் திக்கித் திக்கி, வெட்டி வெட்டி இழுக்கும், தலை முன்னும் பின்னும் ஆடும். எதிரில் லாரி வரும்போது அந்த அரை நொடி எவ்வளவு நீளம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இது நான்காவது முறை, அதே ஒர்க்ஷாப், அதே புகார்.

காலையில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் இன்று தூக்கம் வராது.

நான் போய் நின்று முதல் வாக்கியத்திலேயே சொன்னேன்: “மூணாவது கியர்ல, ஏத்தத்துல, மெதுவா மிதிச்சா வருது. நிக்கும்போது வராது. என்கூட ஒரு ரவுண்டு வாங்க, காட்டுறேன்.” மெக்கானிக் தலையை ஆட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு ஓட்டுநர் சீட்டில் ஏறி, சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிக்கொண்டார். கண்ணாடியையும் திருப்பிக்கொண்டார். சரி, ஓட்டிப் பார்க்கத்தான் போகிறார் என்று நான் மறுபக்கக் கதவைத் திறந்தேன். அவர் நகரவே இல்லை. நியூட்ரலில் வைத்து ஒரு மிதி. உறுமியது. இறங்கியது. இன்னொரு மிதி. உறுமியது. இறங்கியது. தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, காதைக் கொடுத்துக் கேட்டார். மூன்றாவது மிதி. இந்த முறை பிடித்தே வைத்திருந்தார். அப்புறம் இன்ஜினை அணைத்தார். இறங்கினார். கையைத் துணியில் துடைத்தார். “ஸ்மூத்தா இருக்கே மேடம்” என்றார்.

“நியூட்ரல்ல வராதுன்னு சொன்னேனே” என்றேன்.

மறுபடியும் ஏறினார். மறுபடியும் நியூட்ரல். மறுபடியும் மூன்று மிதி!

அதற்குமேல் அவர் செய்ததுதான் என்னை உடைத்துவிட்டது. என் பக்கத்தில் நின்றிருந்த என் தம்பி பக்கம் திரும்பி, “சார், மேடத்துக்கு நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க, சீக்கிரம் கியர் மாத்தினா இது வராது” என்றார். என் தம்பிக்கு லைசென்சே கிடையாது. கிளட்ச் எது, பிரேக் எது என்று இன்றுவரை குழப்பம் அவனுக்கு. துணைக்கு வந்தவன். அவனிடம் என்னைப் பற்றிச் சொல்கிறார்.

நியூட்ரலில் உறுமவிட்டால் என்ன தெரியும் என்று நினைக்கிறார்கள்? அங்கே இன்ஜின் தன்னைத்தானே சுற்றிக்கொள்வதைத் தவிர வேறு வேலையில்லை. இன்ஜினுக்குள் காற்றை விடும் கதவான திராட்டில் லேசாகத் திறந்தாலே ஆர்பிஎம் எகிறிவிடும். சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவு, அழுத்தம் குறைவு, அதனால் பலவீனமான ஸ்பார்க் பிளக்கும் கூடச் சமாளித்துப் பற்றவைத்துவிடும். கியரில் போட்டு, ஒரு டன் எடையை ஏற்றத்தில் இழுக்கச் சொன்னால்தான் சிலிண்டர் நிறையக் காற்று போகும், அழுத்தம் ஏறும், பொறி பறக்க அதிக வோல்டேஜ் வேண்டும், பெட்ரோலும் அதிகம் வேண்டும். அங்கேதான் பிளக்குக்கு வோல்டேஜ் கொடுக்கும் காயில் மாட்டும், பம்ப் மாட்டும், சென்சார் மாட்டும். இழுவையில் வரும் கோளாறை நிற்கவைத்துத் தேடுவது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தவரைப் படுக்கவைத்து நாடி பார்த்து அனுப்புவது போலத்தான்.

இதற்கு முந்தைய மூன்று முறையும் என்ன செய்தார்கள் தெரியுமா? மாற்றினார்கள். பார்க்காமல் மாற்றினார்கள். என் கோபமெல்லாம் இந்த ஒன்றில்தான் இருக்கிறது.

முதல் முறை போனபோது இன்ஜின் லைட் எரிந்துகொண்டிருந்தது. ஸ்கேனரைச் செருகினார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 ஊசித் துளை உள்ள அந்தச் சாக்கெட் எதற்காக இருக்கிறது? வண்டி தன் நோயைத் தானே சொல்வதற்காக. அதில் வந்த கோளாறுக் குறியீடு (கோடு என்பார்கள்) பி0171. நான் எட்டிப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டேன். கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். அந்தக் கோடு பதிவான நேரத்தில் வேகம் என்ன, ஆர்பிஎம் என்ன, இன்ஜின் எவ்வளவு சூடு, லோடு எவ்வளவு என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் ஒரு படம் பிடித்ததுபோல் சேமித்து வைக்கிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். அதைத் திறந்து படிக்க இரண்டு நிமிடம் ஆகாது. இவர் என்ன செய்தார்? கோடைப் பார்த்த கையோடு அழி பட்டனை அமுக்கினார். “க்ளியர் பண்ணிட்டேன் மேடம்.” அதோடு அந்த ஃப்ரீஸ் ஃப்ரேமும் போயிற்று. லைட் அணைந்ததை என்னிடம் சாதனைபோல் காட்டினார். கூடவே நான்கு பிளக்கையும் மாற்றினார். பழைய பிளக்கைக் கேட்டேன். குப்பையில் போட்டாயிற்றாம். பிளக்கின் முனையைப் பார்த்தால் வெளுத்திருக்கிறதா, கரி படிந்திருக்கிறதா, எண்ணெய் ஏறியிருக்கிறதா என்று உள்ளே நடப்பது பாதி தெரிந்துவிடும். அதுவும் போயிற்று.

இரண்டாவது முறை, காயில். நான்கும். ஒரு காயில் சந்தேகமென்றால் இரண்டாவது சிலிண்டரில் இருப்பதை மூன்றாவதற்கு மாற்றி மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். கோடு பி0302 (இரண்டாவது சிலிண்டர் சரியாகப் பற்றவில்லை, அதாவது மிஸ்ஸிங்) என்பதிலிருந்து மூன்றாவதைச் சொல்லும் பி0303-க்குத் தாவினால் குற்றவாளி அந்தக் காயில்தான். காசு செலவில்லாத சோதனை இது. அதற்கும் முதலில் மிஸ்ஸிங் கோடு ஒன்று வந்திருக்க வேண்டுமே! என் வண்டியில் அப்படி ஒரு கோடே வரவில்லை.

மூன்றாவது முறை ஃப்யூயல் பம்ப். இதில் நான் வாயைத் திறந்து கேட்டுவிட்டேன், “பிரஷர் பாத்தீங்களா?” என்று. “எதுக்கு மேடம், அனுபவத்துல சொல்றேன்” என்றார். என்னுடையது போன்ற சாதாரண பெட்ரோல் இன்ஜினில் பிரஷர் கேஜை மாட்டினால் அழுத்தம் 3, 4 பார் என்று முள் காட்டப்போகிறது. மிதிக்கும்போது முள் சரிந்தால் பம்ப் அல்லது ஃபில்ட்டர், சரியவில்லையென்றால் பம்ப் நல்ல பம்ப். இதற்கு எதற்கு அனுபவம்? கண் போதும். நல்ல பம்பைக் கழற்றி எடுத்துவிட்டு இன்னொரு நல்ல பம்பை மாட்டினார்கள். குலுக்கல் அப்படியே இருந்தது. போகிற போக்கில் “அடுத்து ஆக்சிஜன் சென்சாரா இருக்கும்” என்று வேறு சொல்லி அனுப்பினார்கள். காற்று அதிகம் என்று உண்மையைச் சொன்னதே அந்தச் சென்சார்தான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

இன்று வீட்டுக்கு வந்ததும் நானே உட்கார்ந்துவிட்டேன். கைக்குள் அடங்குகிற ஸ்கேனர் ஒன்றை முன்பே வாங்கி வைத்திருந்தேன், போனோடு ப்ளூடூத்தில் பேசும். அதைச் செருகி, போனைத் தம்பியிடம் கொடுத்து, “ஷார்ட் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம்னு ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சத்தமா படி” என்றேன். அந்த எண் வேறொன்றுமில்லை. கணக்குப்படி ஊற்ற வேண்டிய பெட்ரோலைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஊற்ற வேண்டியிருக்கிறது என்பது. பூஜ்யத்தைச் சுற்றி ஐந்துக்குள் ஆடினால் நிம்மதி. நிற்கும்போது படித்தான்: 2, 3, 2. நேர்ச்சாலையில் ஒரே வேகத்தில்: 4, 3. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்தேன். “அக்கா, 14. 19. 23!” வண்டி வெட்டியது. காலை எடுத்தேன். “5. 3.” மறுபடி மிதித்தேன். மறுபடி இருபதைத் தாண்டியது.

லைசென்ஸ் இல்லாத என் தம்பி ஐந்து நிமிடத்தில் படித்துச் சொன்னதை, அந்த ஒர்க்ஷாப்பில் இரண்டு மாதமாக ஒருவரும் படிக்கவில்லை.

இழுக்கும்போது மட்டும் எங்கிருந்தோ கணக்கில் வராத காற்று நுழைகிறது. பம்ப் புதிது, அதனால் பெட்ரோல் குறை இல்லை. அப்படியென்றால் காற்றை அளக்கும் சென்சாருக்கும் திராட்டிலுக்கும் நடுவே எங்கோ ஓட்டை. பானட்டைத் திறந்தேன். ஏர் ஃபில்ட்டர் பெட்டியிலிருந்து திராட்டிலுக்குப் போகும் கறுப்பு ரப்பர் குழாய், நடுவில் ஆர்மோனியத் துருத்திபோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். மேலிருந்து பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. அடியில் கையை விட்டுத் தடவினேன். மூன்றாவது மடிப்பின் பள்ளத்தில் விரல் நகம் சிக்கியது. குழாயை இரண்டு கையாலும் லேசாக இழுத்துப் பிடித்துத் திருப்பினேன். மடிப்பு வாய் பிளந்தது. விரற்கடை நீளத்துக்கு வெடிப்பு, ஓரமெல்லாம் வெளிறி, காய்ந்துபோய், உள்ளே தூசி படிந்திருந்தது. கையை விட்டதும் உதடு மூடிக்கொண்டது. வெடிப்பே தெரியவில்லை.

அவ்வளவுதான் விஷயம். நிற்கும்போது இன்ஜின் நேராக உட்கார்ந்திருக்கிறது, வெடிப்பு மூடியிருக்கிறது. கியரில் போட்டு மிதித்தால் இன்ஜின் தன் ரப்பர் மவுண்ட்டுகள்மேல் ஒரு பக்கமாகச் சாய்கிறது, குழாய் இழுபடுகிறது, வெடிப்பு திறக்கிறது, அளக்கப்படாத காற்று புகுகிறது, கலவை கெடுகிறது, வண்டி வெட்டுகிறது. நியூட்ரலில் முப்பது முறை உறுமவிட்டாலும் அந்த வாய் திறக்காது. என்னோடு வந்து ஒரே ஒரு ஏற்றம் ஏறியிருந்தால் போதும். அல்லது குழாய்க்கடியில் ஒருமுறை விரலை விட்டிருந்தால் போதும். முதல் நாள் வந்த கோடு அதைத்தானே சொன்னது!

குழாயைத் துடைத்து, வெடிப்பின் மேல் டேப்பை இறுக்கிச் சுற்றி, அதே ஏற்றத்துக்குப் போனேன். மூன்றாவது கியர். மிதித்தேன். தம்பி படித்தான்: 3, 4, 2. வழுக்கிக்கொண்டு ஏறியது வண்டி. கியரை லேட்டாகத்தான் மாற்றினேன், வேண்டுமென்றே. புதுக் குழாய் வரும்வரை டேப் தாங்கும். ஆனால் நான்கு பிளக், நான்கு காயில், ஒரு பம்ப், எல்லாவற்றையும்விட என் ஓட்டுதலைப் பற்றி அவர் சொன்ன அந்த வாக்கியம்? அதை யார் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்?

கோளாறு எவருக்கும் உடனே பிடிபடாது, எனக்கும் தெரியும். “தெரியலை மேடம், வண்டியை ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க” என்று சொல்லியிருந்தால் விட்டுவிட்டு வந்திருப்பேன், மனதில் ஒரு வருத்தமும் இருந்திருக்காது. தெரியாததை என் கால்மேல் போட்டதுதான் தாங்கவில்லை.

அப்புறம் இன்னொன்று. அந்த சீட். நான்கு முறையும் வண்டியை எடுக்கும்போது சீட் கடைசிவரை பின்னால் கிடந்தது, கண்ணாடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்று கோபத்தில் கவனிக்காமல் ஏறி வெளியே வந்துவிட்டேன். வாசலில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. பிரேக்குக்குக் காலை நீட்டினால் எட்டவில்லை, நுனிக்கால்தான் பட்டது. சைக்கிள்காரர் தப்பித்தார். இருந்த இடத்திலேயே நிறுத்தி மூன்று முறை மிதிப்பதற்கு எதற்கய்யா சீட்டைத் தள்ளுகிறீர்கள்? தள்ளினால் திரும்ப முன்னால் இழுத்துவிட உங்களுக்கு என்ன கேடு?