முதல் பந்தை யார் பார்க்கிறார்கள்?

கல்லூரிப் பெண்கள் கரப்பந்தாட்ட அணி ஒரு செற் தோற்றால் போதும், யாழ்ப்பாணத்தில் மைதான வேலியோரம் நிற்கும் எல்லோரும் பயிற்றுநர் ஆகிவிடுகிறார்கள். "அந்த உயரமான பிள்ளையை ஏன் வெளியில இருத்தினவை? இறக்கியிருந்தா அடிச்சே வெண்டிருக்கலாம்!" நேற்றுப் பின்னேரம் தேத்தண்ணிக் கடையிலும் இதே கதைதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடிப்பதற்கு முதலில் பந்து, அடிக்கிறவளுக்குத் தூக்கிக் கொடுக்கிற செற்றரிடம் போக வேண்டாமா? பெண்களுக்கு வலை 2.24 மீற்றர். அதற்கு மேலே கை போகிற பிள்ளைதான், சரி. சேர்விஸை எடுத்துச் செற்றருக்குக் கொடுக்கிற முதல் பாஸ் கோட்டுக்கு வெளியே பறந்தால் அவள் எதை அடிப்பது? மூன்றாவது செற்றில் எதிரணியின் சேர்விஸ் எல்லாம் பின்வரிசையில் ஒரே பிள்ளையைத் தேடித்தான் வந்தது. அவளுடைய முன்னங்கைகள் இரண்டும் சிவந்து கிடந்தன. செற்றர் ஒவ்வொரு முறையும் வலையை விட்டுப் பின்னுக்கு ஓடி, குனிந்து பந்தைத் தூக்கினாள். அதைப் பார்த்த பிறகும் "செற்றரை மாத்துங்கோ" என்று கத்துகிறார்கள்!

பின்வரிசையில் பந்தெடுக்கிற லிபரோ வேறு நிறச் சட்டையோடு நிற்பது எதற்கு? முன்வரிசையில் ஆட முடியாது, எதிரணி அடிப்பதை வலையோரம் எழும்பித் தடுக்கவும் முடியாது. பந்தை எடுத்துக் கொடுக்கத்தான் 1998 இல் அந்த இடத்தையே உலக விதிகளில் சேர்த்தார்கள். அவள் விழுந்து எடுத்த பந்துக்கு ஒரு கைதட்டல் இல்லை. 1991 இலிருந்து நாட்டின் தேசிய விளையாட்டாம் இது!

சிவந்த கையோடு அந்தப் பிள்ளை தண்ணீர்ப் போத்தலைப் பிடித்தபடி கடையைத் தாண்டித்தான் போனாள். அவள் போகும்வரைக்காவது வாயை மூடியிருக்கக் கூடாதா?