ஒரு மாநிலம் மட்டும் சட்டம் போட்டு என்ன ஆகும்?

போன சனிக்கிழமை இங்கே கலிஃபோர்னியாவில் நண்பர் வீட்டில் விருந்து. சாப்பிட்டு முடிந்ததும் வாழை இலைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்பக்கம் மக்கும் குப்பைக்கான பச்சைத் தொட்டியில் போடப் போனேன். அங்கே நின்றிருந்த ஒரு அண்ணன் கேட்டார்: “ஏம்மா, டெக்சாஸ்ல ஒவ்வொருத்தனும் லாரி சைஸ்ல வண்டி ஓட்டுறான். சீனாவுல நிலக்கரியை எரிச்சுத் தள்றான். ஒரு மாநிலம் மட்டும் சட்டம் போட்டு, நீ இலையைத் தனியாப் போட்டு, என்ன ஆகப்போகுது?”

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இங்கே நம் ஆட்கள் நிறையப் பேர் மனசில் இருக்கிற கேள்விதான். உலகம் முழுக்க வெளியாகும், பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுவில் கலிஃபோர்னியாவின் பங்கு நூற்றில் ஒன்றுகூட முழுசாக வராது என்பதும் உண்மை. அந்த இடத்தில் நின்றபடி நாலு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த இலை. எஸ்பி 1383 என்று 2016-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 2022 ஜனவரியிலிருந்து சாப்பாட்டுக் கழிவையும் தோட்டக் கழிவையும் குப்பைமேட்டுக்கு அனுப்பாமல் தனியாக எடுத்து உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற உள்ளாட்சிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் சிங்க் பக்கத்தில் மூடி போட்ட சின்ன வாளி ஒன்று இருக்கிறது. இரண்டு நாளில் நிறைந்துவிடும். கறிவேப்பிலைக் காம்பு, மென்று போட்ட முருங்கைக்காய்ச் சக்கை, டிகாக்‌ஷன் இறக்கிய காபித்தூள், பொங்கி வழிந்து வீணான மாவு. இதெல்லாம் குப்பைமேட்டில் காற்றுப் படாமல் புதைந்து அழுகினால் மீத்தேன் வரும். இருபது வருஷக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட எண்பது மடங்கு சூடேற்றும். மாநிலத்தின் மீத்தேனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குப்பைமேடுகளிலிருந்துதான் வருகிறது.

இந்தச் சட்டம் சொன்னபடி எல்லாம் நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2020-க்குள் குப்பைமேட்டுக்குப் போகும் மக்கும் கழிவைப் பாதியாக்க வேண்டும் என்ற இலக்கு கைகூடவில்லை. சின்ன ஊர்களில் தொட்டியும் வண்டியும் வாங்கவே பணம் இல்லை. ஆனாலும் இலக்கு தவறியது நமக்குத் தெரிகிறது பாருங்கள், அதுவே சட்டத்தில் எண் எழுதியிருப்பதால்தான். வெறும் வாக்குறுதியாக இருந்திருந்தால் யார் கணக்குக் கேட்டிருப்பார்கள்?

இந்தக் கணக்குக் கேட்கும் பழக்கத்துக்கு அடித்தளம் 2006-ல் வந்த ஏபி 32 என்ற சட்டம். ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் குடியரசுக் கட்சிக்காரர். மசோதாவைக் கொண்டுவந்த ஃபேபியன் நூன்யெஸ், ஃபிரான் பேவ்லி இரண்டு பேரும் ஜனநாயகக் கட்சி. அந்த வருஷம் செப்டம்பர் 27-ல் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் ட்ரெஷர் தீவில் வைத்து ஆளுநர் கையெழுத்துப் போட்டார். சட்டத்தின் உயிர் ரொம்ப எளிமையானது. 2020-க்குள் மாநிலத்தின் பசுங்குடில் வாயு உமிழ்வு 1990-ல் இருந்த அளவுக்கு இறங்க வேண்டும். அதைச் செய்து காட்டும் பொறுப்பு காற்று வள வாரியத்துக்கு. ஒரு எண், ஒரு வருஷம், பதில் சொல்ல ஒரு அலுவலகம். அவ்வளவுதான்.

இன்னொரு விஷயத்தையும் அதில் அடைத்துவிட்டார்கள். யூட்டா மாதிரி வெளி மாநிலத்தில் நிலக்கரி எரித்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தால் அதுவும் நம் கணக்கில்தான் சேரும். புகையை எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு இங்கே சுத்தமாக இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ள வழி இல்லை.

சரி, நடந்ததா? நடந்தது. 1990-ன் அளவு 43.1 கோடி டன் என்று வைத்துக்கொண்டார்கள். 2016-லேயே உமிழ்வு 42.9 கோடி டன்னுக்கு வந்துவிட்டது. கெடுவுக்கு நாலு வருஷம் முன்னால். அதே காலத்தில் மாநிலத்தின் பொருளாதாரம் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. ஏபி 32 வந்தால் வேலையெல்லாம் போய்விடும் என்று பயமுறுத்திய குரல்களை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அப்புறம் இலக்கை இறுக்கினார்கள். 2030-க்குள் 1990-ஐவிட 40 சதவீதம் குறைய வேண்டும் என்று 2016-ல் எஸ்பி 32. 2045-க்குள் நிகர உமிழ்வு பூஜ்யம் என்று 2022-ல் ஏபி 1279. ஒன்று மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். காட்டுத்தீயில் வரும் புகை இந்த இலக்குக் கணக்கில் கிடையாது. 2020 செப்டம்பர் 9-ஆம் தேதி காலை பத்து மணிக்குத் தெருவிளக்கு எரிய, வானம் காவி நிறத்தில் இருக்க, என் பையன் ஜன்னல் பக்கம் வர மாட்டேன் என்று என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தப் புகை எந்தக் கணக்கில் இருந்தால் என்ன, நாங்கள் மூச்சில் இழுத்தது அதைத்தான்.

இனி அண்ணன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரு மாநிலம் மட்டும் என்ன செய்யும்?

வண்டிக் கதையைக் கேளுங்கள். 2002-லேயே இதே ஃபிரான் பேவ்லி கொண்டுவந்த ஏபி 1493 சட்டமானது. கார் கம்பெனிகள் விற்கும் புது வண்டிகளிலிருந்து வரும் பசுங்குடில் வாயுவைக் குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அமெரிக்காவில் வேறு எந்த மாநிலமும் தனியாக இப்படி வாகன விதி எழுத முடியாது. லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்தால் கூட்டாட்சிச் சட்டம் வருவதற்கு முன்பே கலிஃபோர்னியா வாகன விதி வைத்திருந்ததால் அதற்கு மட்டும் கூட்டாட்சிச் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்டுத் தன் விதியை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. கேட்டுக் கிடைத்துவிட்டால் மற்ற மாநிலங்கள் அதே விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் எடுத்துக்கொண்டன. கார் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2007-ல் கூட்டாட்சி அரசு விலக்குத் தர மறுத்தது. 2009-ல் ஒபாமா அரசு தந்தது, அதோடு நாடு முழுவதற்கும் ஒரே விதி என்று கலிஃபோர்னியாவையும் கம்பெனிகளையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தது. டெக்சாஸில் அந்த லாரி சைஸ் வண்டி ஓட்டுகிறவருக்கும், நம் மாநிலத் தலைநகர் சேக்ரமெண்டோவில் எழுதிய ஒரு சட்டத்தால், முன்பைவிடக் குறைவாக பெட்ரோல் குடிக்கும் வண்டி கிடைத்தது. அண்ணா, ஒரு மாநிலம் செய்தது இது.

அதை இப்போது பிடுங்கப் பார்க்கிறார்கள். 2025 ஜூனில் நாடாளுமன்றத் தீர்மானத்தில் டிரம்ப் கையெழுத்துப் போட்டு, மின் வாகன விதிகளுக்காகக் கலிஃபோர்னியா வாங்கியிருந்த விலக்கை ரத்து செய்தார். மாநிலம் அன்றைக்கே வழக்குப் போட்டது. எனக்கு இதில் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை.

ஆனால் முதல் தாக்குதல் இது இல்லை. 2010-ல் மாநிலத்தில் வேலையில்லாதோர் 12 சதவீதத்தைத் தாண்டியிருந்த நேரம். வேலையில்லாத் திண்டாட்டம் தொடர்ந்து நாலு காலாண்டு 5.5 சதவீதத்துக்கு இறங்கும்வரை ஏபி 32-ஐ நிறுத்தி வை என்று ‘பிரபோசிஷன் 23’ என்ற தீர்மானம் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. பெரும் பணம் டெக்சாஸைச் சேர்ந்த எண்ணெய் நிறுவனங்கள் வலேரோவும் டெசோரோவும் போட்டது. எதிர்த்து நின்றவர்களில் ரீகனின் வெளியுறவு அமைச்சராக இருந்த ஜார்ஜ் ஷுல்ட்ஸும் ஒருவர். அந்த நேரம் எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் வேலை போயிருந்தது. எங்களுக்கு அன்று வாக்குரிமை இல்லை. பக்கத்து வீட்டில் வேலை இழந்திருந்த பெரியவர் வாக்குச்சீட்டை அஞ்சலில் போடுவதற்கு முன் எங்கள் வாசலில் நின்று என்னிடம் காட்டினார். ‘நோ’ என்ற கட்டத்தில் மை அடித்திருந்தார். மாநிலம் முழுக்க நூற்றுக்கு 61 பேருக்கு மேல் அப்படித்தான் வாக்களித்தார்கள். கையில் காசில்லாத நேரத்தில் ஜனங்கள் காப்பாற்றிய சட்டம் இது. அதனால்தான் இதை யாராவது லேசாகப் பேசினால் எனக்குத் தாங்கவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு இதன் ஓட்டையைச் சொல்லாமல் போனால் நியாயம் இல்லை.

உமிழ்வைக் குறைக்க வாரியம் எடுத்த வழிகளில் ஒன்று உச்சவரம்பு வைத்து அனுமதிச் சீட்டு ஏலம் விடுவது. 2012 நவம்பரில் முதல் ஏலம். மொத்தச் சீட்டு வருஷா வருஷம் குறையும், புகைவிடும் ஒவ்வொரு டன்னுக்கும் சீட்டு வேண்டும். ஏலப் பணத்தில் ஒரு பங்கு நம் கைக்கே வரும். மின் பில்லில் அவ்வப்போது ‘காலநிலை வரவு’ என்று கொஞ்சம் டாலர் கழித்திருப்பார்கள். பார்த்தும் என்னவென்று தெரியாமல் இருப்போம். அது இந்தச் சட்டத்தின் காசு.

ஆனால் சீட்டு வாங்கிவிட்டால் ஆலை அதே இடத்தில் அதே புகையை விடலாம். கரியமில வாயு எங்கே வந்தாலும் ஒன்றுதான், பூமிக்கு வித்தியாசம் இல்லை. ஆனால் அதோடு சேர்ந்து வரும் தூசியும் கந்தகமும் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் நுரையீரலுக்குத்தான் போகும். நாங்கள் இருப்பது கான்ட்ரா காஸ்டா கவுண்டியின் மலைக்கு இந்தப் பக்கம், காற்று நல்ல காற்று. 680 நெடுஞ்சாலையில் வடக்கே அரைமணி நேரம் ஓட்டினால் மார்ட்டினஸ், மேற்கே ரிச்மண்ட், இரண்டு இடத்திலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். ரிச்மண்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருநாள் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே நர்ஸ் அறை அலமாரியில் ஜிப் பைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர், உள்ளே ஒரு இன்ஹேலர். நான் எண்ண ஆரம்பித்து இருபதில் நிறுத்திவிட்டேன்.

2017-ல் ஏல முறையை 2030 வரை நீட்டிக்க ஏபி 398 வந்தபோது, இந்த முறைக்குள் வரும் ஆலைகளின் கரியமில வாயுவுக்கு வட்டாரக் காற்று வாரியங்கள் தனியாக வரம்பு வைக்கக் கூடாது என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். நம் வளைகுடா வட்டார வாரியம் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வரம்பு வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்த நேரம் அது. நீட்டிப்புக்கு வாக்குத் திரட்ட வேறு வழி இல்லை என்றார்கள். இருக்கலாம். ஆனால் அந்த விலையைக் கொடுத்தது நாம் இல்லை, ரிச்மண்ட்காரர்களும், தெற்கே லாஸ் ஏஞ்சலஸில் இதே மாதிரி ஆலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் வில்மிங்டன்காரர்களும். கூடவே ஏபி 617 என்று ஒரு சட்டம் போட்டு இந்த ஊர்களில் காற்றை அளக்கக் கருவிகள் வைத்தார்கள். அளப்பது நல்லதுதான். அளந்த எண்ணைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்தால் மட்டும் பிள்ளைக்கு இளைப்பு நிற்காது.

2025-ல் ஏல முறையை 2045 வரை நீட்டித்துவிட்டார்கள். நான் அதை வரவேற்கிறேன். ஆனால் இருபது வருஷத்துக்கு வரப்போகும் ஏலப் பணம் எங்கே போகும், ஆலைகளுக்கு எவ்வளவு சீட்டு இலவசம் என்பதில்தான் இனிச் சண்டை. அந்தச் சண்டையில் நம் ஆட்களும் பேச வேண்டும்.

ஒருமுறை சேக்ரமெண்டோவில் காற்று வள வாரியத்தின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பேசலாம். வில்மிங்டனிலிருந்து ஒரு அம்மா முந்தின நாள் ராத்திரியே பஸ் ஏறி வந்திருந்தார். ஸ்பானிஷில் பேசினார், பக்கத்தில் ஒருவர் மொழிபெயர்த்தார். எண்ணெய் நிறுவனங்களின் பிரதிநிதிகள் கோட்டுப் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு அந்த அறையில் தமிழர் என்று நான் ஒருத்திதான் இருந்தேன். எனக்குக் கிடைத்த நேரத்தில் அந்த நர்ஸ் அறை அலமாரியைப் பற்றிச் சொன்னேன்.

அடுத்த கூட்டத்தின் தேதி தெரிந்ததும் இங்கே போடுகிறேன். என் வண்டியில் நாலு பேருக்கு இடம் இருக்கிறது. அந்த அண்ணனுக்கும் சொல்லியிருக்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்றார்.