ஈரான் பிடிக்கும் என்றால் எந்த ஈரான்?

ஈரான் பிடிக்கும் என்று யாழ்ப்பாணத்தில் சொன்னால் அடுத்த கேள்வி உடனே வரும்: "அப்ப அந்த ஆட்சியும் பிடிக்குமோ?" இன்னொரு பக்கம், அமெரிக்காவை எதிர்க்கிற நாடு என்ற ஒரே காரணத்துக்காக அங்கே நடக்கிற எல்லாவற்றையும் நியாயப்படுத்துகிற ஆக்களும் இருக்கினம். இரண்டு பகுதியோடும் நான் கதைக்க விரும்புவது கனாத் பற்றித்தான்.

மலையடிவாரத்தில் கிடக்கிற நிலத்தடி நீரைப் பம்ப் எதுவும் இல்லாமல், சுரங்க வாய்க்கால் வழியே ஊருக்குக் கொண்டுவருகிற முறை அது. முதலில் மேட்டு நிலத்தில், தண்ணீர் காணும்வரை தாய்க்கிணறு வெட்டுவார்கள். வடகிழக்கு ஈரானின் கோனாபாத்தில் அதன் ஆழம் 300 மீற்றருக்கும் மேல். ஆனால் சுரங்கத்தை அங்கிருந்து தொடங்குவதில்லை. தண்ணீர் வெளியே வரப்போகிற கீழ்முனையிலிருந்து மேல்நோக்கிக் குடைவார்கள்; அப்போதுதான் ஊறுகிற தண்ணீர் பின்னால் வழிந்தோடும், தோண்டுகிறவர் மூழ்கமாட்டார். வழிநெடுக, சில பத்து மீற்றருக்கு ஒன்றாகச் செங்குத்துக் குழிகள். மண் தூக்கவும், காற்றுக்கும், பிறகு தூர்வாரவும் அவை வேண்டும். தூக்கின மண்ணைக் குழிவாயைச் சுற்றி வரம்பாகக் குவித்துவிட்டால் வெள்ளம் உள்ளே இறங்காது.

எல்லாம் சரிவில்தான் இருக்கிறது. நீண்ட கனாத்தில் 1000 மீற்றருக்கு ஏறத்தாழ 1 மீற்றர்தான் இறக்கம். கூடினால் ஓட்டம் அடியை அரித்துச் சுவர் இடியும். குறைந்தால் வண்டல் படிந்து அடைக்கும். இளகின மண்ணில் சுட்ட களிமண் வளையங்களை வரிசையாகச் செருகவேண்டும். மொகன்னி எனப்படும் இந்தத் தொழிலாளர்கள் எண்ணெய் விளக்குகளை வைத்து நேர் பார்ப்பார்கள். சுடர் மங்கினால் உள்ளே காற்றுப் போதவில்லை, உடனே மேலே ஏறவேண்டும்.

வந்த தண்ணீரைப் பங்கிடுகிற விதம் இன்னும் வடிவு. அடியில் துளையிட்ட செப்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது நிரம்பித் தாழுகிற நேரத்தை ஓர் அளவாக எண்ணுவார்கள். காணி உறுதியிலேயே கிணற்றுப் பங்கும் வாய்க்கால் உரிமையும் எழுதிவைக்கிற எங்கள் ஆக்களுக்கு இதன் அருமையை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

2016 இல் 11 கனாத்துகள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. அதே நாட்டில்தான் ஆழ்கிணறுகளும் மோட்டர்களும் நீர்மட்டத்தை இறக்கி, ஏராளமான கனாத்துகளை வற்றச்செய்தன. கனாத் நிலம் தருகிற அளவைத்தான் எடுக்கும். மோட்டருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. (சுண்ணாம்புக் கல்லுக்குள் நல்லதண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேல் நிற்கிற எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் இது பொருந்தும்.) மன்னர் காலத்தில் தொடங்கின பிழை 1979 புரட்சிக்குப் பிறகும் நிற்கவில்லை. 2021 ஜூலையில், தென்மேற்கு மாகாணமான கூசெஸ்தானில் தண்ணீர் கேட்டுத் தெருவுக்கு வந்த சனத்தைச் சுட்டார்கள். அடுத்த வருடம் தலைமறைப்பு விதியை மீறினதாகப் பிடிக்கப்பட்ட மாசா அமினி என்ற இளம்பெண் காவலில் இறந்தபோது எழுந்த பெண்களுக்கும் அதே பதில். கனாத்தைக் கொண்டாடுகிறவர் இதற்கு வாய்மூடி இருக்கமுடியாது. இதைச் சொல்வதால் 2025 ஜூனில் ஈரான் நகரங்களில் விழுந்த இஸ்ரேலியக் குண்டுகளும் சரியாகிவிடாது. குண்டு விழுந்தால் யார் சாவது என்று எங்களுக்குத் தெரியும்.

"அழகான தீவு" என்று சொல்லிக் கடற்கரையோடு திரும்பிப்போகிற வெளியாட்களைப் பற்றி நாங்கள் எவ்வளவு குறைப்பட்டிருப்போம். எங்கள் தீவின் மக்களையும் கேட்கச் சொல்லித்தானே கேட்டோம். ஈரான் விடயத்தில் நாங்களே வெளியாட்கள்.

பிடித்துக்கொண்டே கேள்வி கேட்பதற்கு எங்களுக்குக் கிட்டவே ஒரு உதாரணம் இருக்கிறது. ஈரானிய நிறுவனம் கட்டின உமா ஓயா நீர்மின், நீர்ப்பாசனத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டு, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2024 ஏப்ரலில் ஈரான் சனாதிபதி ரைசி நேரில் வந்து திறப்பு விழாவில் கலந்துகொண்டார். நிலத்துக்கு அடியில் தண்ணீரின் போக்கை இவ்வளவு நுணுக்கமாக அறிந்த நாட்டைப் பிடித்திருக்கிறபடியால்தான், அந்தக் கிணறுகளுக்கு என்ன நடந்தது என்று கொழும்பிடமும் தெஹ்ரானிடமும் கேட்கிறேன்.