டிஸ்சார்ஜ் எழுதியாச்சு, எங்கே கூட்டிக்கிட்டுப் போறது?

போன வருஷம் சித்தப்பாவுக்குப் பக்கவாதம். குடியாத்தத்திலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வேலூருக்குக் கொண்டுபோனோம். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அந்த நன்றி சாகும்வரை இருக்கும். ஒன்பதாம் நாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "இனிமே இங்க பண்றதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போலாம்" என்றார். நாங்கள் கிளம்பியது இருபத்தோராம் நாள்.

வலது கை, கால் அசைவில்லை. சாப்பாடு மூக்குக் குழாய் வழியாக. ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். வீடு மாடியில், ஓராள் ஏறும் படி. சித்திக்கு முட்டிவலி. தம்பிக்குப் பேர்ணாம்பட்டில் தோல் கம்பெனி வேலை, போகாத நாளுக்குக் கூலி இல்லை.

வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் ஒரு பாட்டி கிடந்தார். போளூர்ப் பக்கம். அவர் மகன் தினமும் எங்கள் வார்டை எட்டிப் பார்ப்பான். அப்படிப் பார்க்கத் தொடங்கிய நாலாம் நாள் தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டான்: "அண்ணா, நீங்க எப்போ காலி பண்ணுவீங்க?" அவன் கேட்டதில் தப்பே இல்லை. என்னால்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பெட்டைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க" என்று எங்களைப் போன்றவர்களைச் சொல்கிறார்கள். நாங்கள் ஒன்றும் சொகுசுக்கு உட்காரவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் இறக்கிவிட ஒரு இடம் இல்லை, அதுதான் விஷயம்.

நம் ஊருக்கு இது தெரியாததும் இல்லை. 1954-ல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆபரேஷன் செய்தவர் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் டாக்டர் மேரி வர்கீஸ். அவர் முன்னின்று 1966-ல் வேலூர் பாகாயத்தில் கை கால் முடங்கியவர்களுக்கான மறுவாழ்வு மையம் வந்தது. நாட்டுக்கே முன்னோடி. ஆனால் பழைய வட ஆற்காடு முழுக்க, ஆந்திராவிலிருந்தும் வடக்கிலிருந்தும் வருகிறவர்களுக்கும் சேர்த்து, ஒரு பாகாயம் எத்தனை பேரைத் தாங்கும்?

2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோ, அதாவது கை கால் பயிற்சி கொடுப்பவர், வீட்டுக்கே வருகிறார். நல்ல திட்டம், எங்கள் தெருவுக்கும் வந்தார். ஆனால் பக்கவாதத்தில் முதல் மூணு மாசம்தான் பொன்னான காலம், அப்போது தினமும் பயிற்சி வேண்டும். ஒவ்வொரு தாலுகாவிலும் அரசு ஆஸ்பத்திரியில் இதற்கென்று பத்து பெட், ஒரு பிசியோ, பயிற்சி கொடுக்க ஒரு நர்ஸ் ஒதுக்கட்டும். சித்தப்பாவைப் பத்தாம் நாளே குடியாத்தத்துக்குக் கூட்டிவந்திருப்போம், அந்தப் பாட்டிக்கும் பெட் கிடைத்திருக்கும்.

இன்னொன்றுக்குப் பணமே வேண்டாம். டிஸ்சார்ஜ் எழுதிய பிறகுதான் ஒரு நர்சம்மா சித்திக்குச் சொல்லிக்கொடுத்தார். "தலைய உசத்தி வைங்கம்மா. சிரிஞ்சைத் தூக்கிப் பிடிங்க, கஞ்சி தானா இறங்கணும், அழுத்தாதீங்க. கடைசில தண்ணி விட்டுக் குழாயைக் கழுவிடுங்க." முதல் நாள் கை நடுங்கிப் போர்வையெல்லாம் கஞ்சி. ஆறாம் நாள் யார் உதவியும் இல்லாமல் செய்தார். இதை மூணாம் நாளே தொடங்கியிருந்தால்? "வீட்டில் படி இருக்கா, யார் பார்த்துக்குவாங்க" என்று சேர்த்த அன்றே கேட்டிருந்தால்?

கடைசியில் தெருக்கோடியில் கீழ்த்தளத்தில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்தோம். அட்வான்ஸுக்குச் சித்தியின் கம்மல் அடகுக்குப் போனது. இன்னும் மீட்கவில்லை.