நேரம் சரியில்லை என்று இனிமேல் என்னிடம் சொல்லாதீர்கள்

நெப்ராஸ்கா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றிப் பேச்செடுத்தாலே, அதே மாநிலத்து ஒமாஹா நகரில் எனக்குத் தெரிந்த தமிழ் நண்பர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: "ஸ்காட் ஃபிராஸ்ட் நல்ல பயிற்சியாளர்தானப்பா, அவருக்கு நேரம்தான் சரியில்லை." போன வாரம் ஒரு வீட்டு விருந்தில் அதே பேச்சை மறுபடியும் கேட்டேன். வந்த இடத்தில் சண்டை வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேனே தவிர, அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஃபிராஸ்ட் எங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஐந்து பருவங்களில் 16 வெற்றி, 31 தோல்வி. எட்டுப் புள்ளி வித்தியாசத்துக்குள் முடிந்த ஆட்டங்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 5 வெற்றி, 22 தோல்வி. ஒருவருக்கு நேரம் இருபத்திரண்டு முறையா சரியில்லாமல் போகும்?

2022 ஆகஸ்ட் 27 அன்று டப்ளினின் அவிவா அரங்கில் நார்த்வெஸ்டர்ன் அணியோடு நடந்த ஆட்டத்தை, எங்கள் வீட்டுக் கூடத்தில் மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் கால்பகுதியில் எங்கள் ஆண்டனி கிராண்ட் 46 யார்டு ஓடி, பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் டச் டவுன் போட்டதும் கணக்கு 28-17 ஆனது. பதினொரு புள்ளி முன்னிலை. எதிரணி சோர்ந்து தலை குனிந்திருந்தது. அடுத்து எந்த அணியும் செய்கிற வேலை, பந்தை முடிந்த மட்டும் தூரமாக உதைத்து, எதிரணியை அவர்கள் எல்லையோரத்தில் தொடங்க வைப்பதுதான். எங்கள் பயிற்சியாளரோ ஆன்சைட் கிக் அடிக்கச் சொன்னார். அதாவது, பத்து யார்டைத் தாண்டினால் போதுமென்று பந்தைக் கிட்டத்திலேயே தட்டிவிட்டு, தன் ஆட்களே ஓடிப்போய் அதைப் பிடித்துவிடுவார்கள் என்று நம்பும் ஆட்டம். தோற்றுக்கொண்டிருக்கும் அணி, வேறு வழியில்லாமல் கடைசி நிமிடத்தில் செய்வது அது. பந்தை நார்த்வெஸ்டர்ன்காரர் அமுக்கிக்கொண்டார். எங்கள் பக்கத்து 44 யார்டுக் கோட்டில், ஆடுகளத்தில் பாதிக்கும் குறைவான தூரமே மிச்சமிருக்க, அவர்களுக்கு இலவசமாக ஒரு வாய்ப்பு கிடைத்தது. என் பக்கத்தில் இருந்தவர் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே தட்டில் போட்டார். யாரும் ஒன்றும் பேசவில்லை. சில நிமிடங்களில் 28-24 ஆனது. அதன் பிறகு ஆட்டம் முடியும்வரை நாங்கள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 31-28 என்று தோற்றோம்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே தாழி தானாக உடையவில்லை, கடைந்துகொண்டிருந்தவரே கல்லைத் தூக்கிப் போட்டார்.

இதற்கு நண்பர் ஒருவர் சொல்லும் சமாதானம், எதிரணி எதிர்பாராத நேரத்தில் அடிக்கும் ஆன்சைட் கிக், எதிர்பார்த்து நிற்கும்போது அடிப்பதைவிட அதிகமாகவே கைகொடுக்கும் என்பது. அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கைகூடினால் என்ன கிடைக்கும், தவறினால் என்ன போகும் என்று பார்க்க வேண்டாமா? பதினொரு புள்ளி முன்னால் இருப்பவனுக்கு வேண்டியது எதிரணியைக் களைக்க வைக்கும் நீண்ட தூரமும் கரைந்துபோகும் கடிகாரமும். அந்த இரண்டையும் எடுத்து எதிரியிடம் கொடுத்துவிட்டு, வேகம் நம் பக்கம் இருந்தது, ஆட்டத்தை அங்கேயே முடித்துவிட நினைத்தேன் என்று பிறகு விளக்கம் சொன்னால் அதை எப்படி ஏற்பது?

என்னை இன்றுவரை கொதிக்க வைப்பது வேறொன்று. உதைக்கும் வேலைகளுக்கான ஸ்பெஷல் டீம்ஸ் என்ற பிரிவுதான் அதற்கு முந்தைய 2021 பருவத்தில் எங்கள் குடியைக் கெடுத்திருந்தது. அந்த ஆண்டு மிச்சிகன் ஸ்டேட் அணியோடு நடந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் எதிரணியால் ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட, அதாவது பந்தைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளத் தேவையான பத்து யார்டு முன்னேற்றம்கூட, எடுக்க முடியவில்லை. அப்படிக் கட்டிப்போட்டிருந்தார்கள் எங்கள் தடுப்பாட்டக்காரர்கள். 20-13 என முன்னிலையில் இருந்தபோது ஒரு பண்ட், அதாவது பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுத்துத் தூரமாக அடிக்கும் உதை. மறிக்க வேண்டிய எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரு பக்கம் ஓட, பந்து மறு பக்கம் போனது. எதிரணியின் ஜேடன் ரீட் அதை எடுத்துக்கொண்டு ஆளில்லாத வழியில் 62 யார்டு ஓடிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 23-20 என்று தோற்றோம். ஐயோவாவோடு 21-6 என்று முன்னிலையில் இருந்தோம். அங்கேயும் ஒரு பண்ட் தடுக்கப்பட்டு டச் டவுனாக மாறி, 28-21 என்று தோற்றோம். ஓக்லஹோமாவோடு, டச் டவுனுக்குப் பின் அடிக்கும் ஒற்றைப் புள்ளி உதையைத் தடுத்து மறுமுனைவரை ஓடி இரண்டு புள்ளி எடுத்தார்கள். அந்த ஆண்டு நாங்கள் எடுத்த மொத்தப் புள்ளிகள், கொடுத்ததைவிட 63 அதிகம். முடிவு 3 வெற்றி, 9 தோல்வி. அந்த ஒன்பதில் ஒன்றுகூட இரட்டை இலக்க வித்தியாசத்தில் இல்லை. எந்தப் பிரிவு ஒரு முழுப் பருவத்தையும் தின்று தீர்த்ததோ, அதே பிரிவை நம்பி, அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே சூதாடியவருக்கு நேரத்தைக் குறை சொல்ல என்ன உரிமை இருக்கிறது?

துணிச்சலான முடிவுகளை நெப்ராஸ்கா ரசிகர்கள் வெறுப்பவர்கள் அல்லர். 1984 ஜனவரி 2 அன்று ஆரஞ்சு பௌல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில், டச் டவுன் போட்டும் மியாமி அணியிடம் 31-30 என்று ஒரு புள்ளி பின்னால் இருந்தபோது, எங்கள் அன்றைய பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் எளிதான ஒற்றைப் புள்ளி உதையை விட்டு, வெற்றிக்காக, பந்தை மறுபடியும் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோக வேண்டிய இரண்டு புள்ளி முயற்சியைத் தேர்ந்தெடுத்தார். சமன் செய்திருந்தாலே தேசிய வாகை அநேகமாக அவர் கையில் இருந்திருக்கும். எங்கள் டர்னர் கில் வீசிய பந்து தட்டிவிடப்பட்டது, தோற்றோம். அன்று தோற்றவரை இந்த மாநிலம் இன்றும் கைகூப்புகிறது, ஏனென்றால் பின்தங்கியிருந்தவர் ஜெயிப்பதற்காக எடுத்த முடிவு அது. 1997இல் அதே ஆஸ்போர்னுக்குக் கீழே, தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்காக ஆடித் தேசிய வாகை சூடியவர்தான் ஃபிராஸ்ட் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

டப்ளின் தோல்விக்குப் பிறகாவது தலைவராக நின்று பேசியிருக்கலாம். தாக்குதல் ஆட்டப் பயிற்சியாளர்கள் இன்னும் புதுமையாக யோசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் தமக்குக் கீழே இருப்பவர்கள் மேல் ஒரு பேச்சைப் போட்டார். வீட்டுக்குத் தலைவர் இப்படிப் பேசினால் பிள்ளைகள் யாரை நம்புவார்கள்? இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 10 அன்று, லிங்கனில் எங்கள் சொந்த அரங்கில் ஜார்ஜியா சதர்ன் அணிக்கு 642 யார்டு கொடுத்து 45-42 என்று தோற்றோம். அந்த அரங்கில் 35 புள்ளியோ அதற்கு மேலோ எடுத்த 214 ஆட்டங்களில் அதுவரை நெப்ராஸ்கா ஒன்றில்கூடத் தோற்றதில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவரை நீக்கினார்கள். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் கொடுக்க வேண்டிய இழப்பீடு பாதியாக, 75 லட்சம் டாலராகக் குறைந்திருக்கும். பொறுக்க முடியாமல் ஒன்றரைக் கோடி டாலரைக் கொடுத்து அனுப்பினார்கள். என்னைக் கேட்டால் அதில் ஒரு காசும் வீணில்லை.

தொழில்முறைப் பெரிய அணி எதுவும் இல்லாத இந்த மாநிலத்தில், 1962 முதல் அரங்கத்துச் சீட்டுகள் ஒரு ஆட்டத்துக்கும் மிச்சப்படாமல் விற்கின்றன. எனக்குத் தெரிந்த வயதான தம்பதியர், சேர்த்து வைத்த பணத்தில் முதல்முறையாகக் கடல் கடந்து டப்ளினுக்குப் போயிருந்தார்கள். சிவப்புச் சட்டையோடு அரங்கிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார்கள், இடைவேளை நேரத்தில் எடுத்தது, இருவர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். திரும்பி வந்த பிறகு அந்தப் பயணத்தைப் பற்றி அவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்று எங்களை வென்ற நார்த்வெஸ்டர்ன், அதற்கு முந்தைய ஆண்டு நாங்கள் 56-7 என்று துவைத்துக் காயப்போட்ட அணி. டப்ளினிலிருந்து ஊர் திரும்பியதும் ட்யூக்கிடம் தோற்றார்கள், கீழ்ப்பிரிவில் ஆடும் சதர்ன் இல்லினாயிடம் தோற்றார்கள், மியாமி ஒஹாயோவிடம் தோற்றார்கள், பருவம் முடியும்வரை தோற்றுக்கொண்டே இருந்தார்கள். ஒரு வெற்றி, பதினொரு தோல்வி. அமெரிக்க மண்ணில் அவர்களால் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க முடியவில்லை. அந்த ஒரே வெற்றியைத்தான், பதினொரு புள்ளி முன்னிலையில் இருந்துகொண்டு, நாங்கள் உதைத்துக் கொடுத்தோம்.