9 வோல்ட்டுக்கு இந்தப் பாடா?

போன டிசம்பரில் எங்கள் சபையில் கேரல் ஆராதனை. போதகர் ஜெபம் பண்ணுகிறார். எல்லோரும் தலை குனிந்திருக்கிறார்கள். ஒரு கைக்குழந்தைகூட அழவில்லை. அந்த அமைதியில் என் ஆம்ப்ளிஃபையர் மட்டும் "ங்ஙீஈஈ" என்று கத்திக்கொண்டிருக்கிறது. காதுக்குள் கொசு புகுந்த மாதிரி. கிடாரில் வால்யூமை அடியோடு குறைத்துவிட்டேன், அப்போதும் நிற்கவில்லை. முன்வரிசையில் இருந்த பாட்டி ஒருத்தி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ரெண்டு அடி வாங்கியிருக்கலாம்.

ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். பெடல் (கிடாருக்கும் ஆம்புக்கும் நடுவில் மாட்டி, சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி) போச்சு என்றான் ஒருத்தன். கிடார் ஒயர் சரியில்லை என்றான் இன்னொருத்தன். கொயர் மாஸ்டர், "லேய், இந்தச் சவத்தையெல்லாம் தூக்கி வச்சிட்டு சும்மா கிடார அடிச்சா என்ன?" என்று கேட்டார். பெடலும் கெடவில்லை, ஒயரும் கெடவில்லை. கெட்டது கரண்ட். அதைச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. விளக்கு எரிகிறதே, அப்புறம் என்ன கரண்ட் கெட்டது என்கிறார்கள்.

என்னிடம் இருப்பது நாலே நாலு பெடல். சுதி பார்க்க டியூனர், சத்தத்தைக் கரகரக்க வைக்க டிஸ்டார்ஷன், ஒரு கிடாரைப் பல கிடார் மாதிரிக் காட்டக் கோரஸ், எதிரொலிக்கு டிலே. பழைய கட்டில் பலகையை அறுத்து, நாலு மூலையில் ரப்பர் குமிழ் அடித்து, மேலே ஒட்டுப்பட்டை ஒட்டிச் செய்த சின்ன போர்டு. நாலுக்கும் வேண்டியது 9 வோல்ட் டிசி. மொத்தமாகக் கணக்குப் போட்டால் 200 மில்லி ஆம்பியர் வராது, அதாவது இரண்டு வாட்டுக்கும் கீழே. ஆரல்வாய்மொழி தாண்டிப் போனால் முப்பந்தலில் கண்ணுக்கு எட்டிய மட்டும் காற்றாலை சுற்றுகிறது. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு நான் இரண்டு வாட்டுக்கு நாய்ப்பாடு படுகிறேன்.

முதல் கோபம் பெடல் செய்கிற கம்பெனிகள் மேல். எட்டாயிரம், பத்தாயிரம் கொடுத்து ஒரு பெடல் வாங்குகிறோம். பெட்டியைத் திறந்தால் பெடல், ஒரு மடித்த காகிதம், சில சமயம் ஒரு ஸ்டிக்கர். அடாப்டர் கிடையாது. அது தனியாம், அதற்குத் தனி விலையாம். நூறு ரூபாய் பொம்மைக் காருக்குக்கூட பேட்டரி போட்டுக் கொடுக்கிற காலத்தில் இது என்ன நியாயம்? மிக்சி வாங்கினால் "ஒயர் தனியா வாங்கிக்கோ" என்று எவனாவது சொல்வானா? 1978-இல் பாஸ் (Boss) கம்பெனி விட்ட டிஎஸ்-1 என்கிற டிஸ்டார்ஷன் பெடல் இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. அன்றைக்கும் 9 வோல்ட், இன்றைக்கும் 9 வோல்ட். இத்தனை வருஷமாக எல்லோருக்கும் தெரிந்த ஒரு தேவையை, நீயே தேடிக்கொள் என்று எங்கள் தலையில் கட்டுகிறார்கள்.

தேடப் போனால் அங்கே அடுத்த கூத்து. உலகத்தில் இருக்கிற முக்கால்வாசி அடாப்டரில் நடு முனை பிளஸ், வெளி வளையம் மைனஸ். சிசிடிவி அடாப்டர், வைஃபை மோடம் அடாப்டர் எல்லாம் அந்தக் கணக்குதான். கிடார் பெடலிலோ பெரும்பாலும் தலைகீழ், நடுவில் மைனஸ். இதற்கு ஒரு காரணமும் சொல்கிறார்கள்: அடாப்டரைச் செருகினதும் உள்ளே இருக்கிற பேட்டரியைத் தானாகத் துண்டிக்க வேண்டும், அந்தத் துளையில் துண்டிக்கிற தகடு வெளி வளையத்தோடு சேர்ந்திருப்பதால் பிளஸை அங்கே கொண்டுபோனார்கள் என்று. சரி, ஏதோ சௌகரியத்துக்குச் செய்தார்கள். ஆனால் துளையின் அளவையாவது மாற்றியிருக்கலாம் இல்லையா? அதே 2.1 மில்லிமீட்டர் முனை. மோடம் அடாப்டர் பெடலுக்குள் வெண்ணெய் மாதிரிப் போகும். போய்க் கொன்றுவிட்டுத்தான் வெளியே வரும்.

என் டிலே பெடல் செத்தது அப்படித்தான். நாகர்கோவிலில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை. பெடலையே கையில் கொண்டுபோய்க் காட்டி, பின்னால் அச்சடித்திருக்கிற குறியையும் காட்டி, நடுவில் மைனஸ் வேண்டும் அண்ணாச்சி என்று சொன்னேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். டப்பாவுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். "எல்லாம் ஒண்ணுதாம் மக்கா, பின்னு சேருதான்னு மட்டும் பாரு." பின் சேர்ந்தது. வீட்டுக்கு வந்து சொருகினேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. மூக்கில் லேசாக ஒரு தீய்ந்த வாடை. அப்புறம்தான் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன்: 12 வோல்ட், நடுவில் பிளஸ். எழுத்து எறும்பு அளவுக்கு இருந்தது என்பது என் சமாதானம். பார்க்காமல் சொருகியது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று.

தக்கலையில் பழைய ரேடியோ ரிப்பேர்காரர் ஒருத்தர் அதைத் திறந்தார். உள்ளே அரிசி மணி அளவுக்கு ஒரு டயோட், வயிறு வெடித்துக் கறுத்துக் கிடந்தது. இரண்டு ரூபாய் சாமான். தப்பான பக்கம் கரண்ட் வந்தால் தான் குறுக்கே விழுந்து செத்து மற்றதைக் காப்பாற்றுவதற்காகவே அதை அங்கே வைத்திருக்கிறார்கள். அதை மாற்றினதும் பெடல் உயிர் பெற்றது. கூலி நூறு ரூபாய்தான் வாங்கினார். மனுஷன் நல்லா இருக்கட்டும்.

இன்னொரு மூடநம்பிக்கையையும் இங்கேயே போட்டு உடைத்துவிடுகிறேன். "பெடலுக்கு 20 மில்லி ஆம்பியர்தான் வேணும், நீ 1 ஆம்பியர் அடாப்டர் போட்டா கருகிப்போகும்" என்று எனக்கு அறிவுரை சொல்லாத ஆள் கொயரில் பாக்கி இல்லை. பந்தியில் அண்டா நிறையச் சோறு இருக்கிறது என்பதற்காக யாரும் வயிறு வெடிக்கத் தின்பதில்லை. பெடல் தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும். ஆம்பியர் கூட இருந்தால் நல்லது, குறைந்தால்தான் சங்கடம். வோல்ட்டும் பிளஸ் மைனஸும்தான் ஆளைக் கொல்லும்.

இதில் பெரிய தீனிப்பண்டாரம் டியூனர். பார்த்தால் சாது. பாட்டில் ஒரு சத்தமும் போடாது. சுதி சரியா இல்லையா என்று விளக்குப் போட்டுக் காட்டுவதைத் தவிர வேறு வேலையும் கிடையாது. ஆனால் அந்த விளக்குக்குத்தான் கரண்ட். சாதாரணமாக 30 மில்லி ஆம்பியர் எடுக்கும். வெயிலிலும் தெரியட்டும் என்று பிரகாசத்தைக் கூட்டினால் 85. கொயரையே அதிர வைக்கிற டிஸ்டார்ஷனோ பத்தைக்கூடத் தொடுவதில்லை. உழைக்கிறவன் கஞ்சி குடிக்க, கணக்குப்பிள்ளை விருந்து சாப்பிடுகிற கதை.

பேட்டரியிலேயே ஓட்டிவிடலாம் என்று இரண்டு வருஷம் முயன்று பார்த்தேன். கார்ட்லெஸ் மைக்குக்குப் போடுகிற அந்தச் சதுர பேட்டரிதான். விலை மலிந்த சாதா பேட்டரியைப் போட்டு டியூனரைப் பிரகாசமாக வைத்தால் ஒரு கல்யாண ரிசப்ஷன் முடிவதற்குள் மங்கிவிடும். அதைவிடப் பெரிய துரோகம் ஒன்று உண்டு. பெடலில் சுவிட்சை அணைத்தால் அணைந்துவிட்டது என்று நினைப்போம். அணையாது. கிடார் ஒயரை உள்ளே செருகியிருக்கிற வரைக்கும் பேட்டரி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒயரின் முனைதான் அதற்கு சுவிட்ச். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குளச்சலில் ஒரு நிகழ்ச்சிக்கு முந்தின ராத்திரி ஒயரைப் பிடுங்காமல் தூங்கிவிட்டு, காலையில் மூன்று செத்த பேட்டரிகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை, ஒரு கடையும் திறக்கவில்லை.

சரி, கொசுச் சத்தத்துக்கு வருகிறேன். நாலு பெடலுக்கும் ஒரே அடாப்டர், அதில் இருந்து மாலை கட்டின மாதிரி நாலு முனை பிரிகிற ஒயர். டெய்சி செயின் என்பார்கள். மலிவு, கைக்கும் அடக்கம். ஆனால் அதில் எல்லோருக்கும் ஒரே மைனஸ், ஒரே வாய்க்கால். டிலே டிஜிட்டல் பெடல், அதற்குள் கடிகாரம் மாதிரி ஒன்று ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பின் அழுக்கு வாய்க்கால் வழியாக டிஸ்டார்ஷனுக்கு வருகிறது. டிஸ்டார்ஷனுக்கு நல்லது கெட்டது தெரியாது, வந்ததைப் பெருக்கி ஆம்புக்கு அனுப்பிவிடும். கிடாரைக் குறைத்தும் சத்தம் நிற்காததற்கு அதுதான் காரணம். அழுக்கு கிடாரில் இருந்து வரவே இல்லை.

இதற்கு மருந்து தனித்தனியாகப் பிரித்துக் கரண்ட் கொடுக்கிற பெட்டி. முறையாகச் செய்ததில் ஒவ்வொரு வாசலும் மற்றதோடு ஒட்டு உறவில்லாமல், டிரான்ஸ்ஃபார்மரில் தனிச் சுற்றோடு இருக்கும். விலை ஒரு பெடலுக்குச் சமம். என் பட்ஜெட்டுக்கு ஆன்லைனில் ஒன்று கிடைத்தது. எட்டு வாசல், நீல விளக்கு, அட்டையில் 'ஐசோலேட்டட்' என்று கொட்டை எழுத்து. வாங்கினேன். போர்டில் மாட்டினேன். ங்ஙீஈஈ.

மல்டிமீட்டரை எடுத்து பீப் சத்தம் வருகிற இடத்தில் வைத்தேன். ஒரு வாசலில் இருந்து வருகிற ஒயரின் நடுத்துளைக்குள் ஒரு முனை, அடுத்த வாசல் ஒயரின் நடுத்துளைக்குள் இன்னொரு முனை. நிஜமாகவே பிரித்திருந்தால் மீட்டர் ஊமையாக இருக்க வேண்டும். பீப். அடுத்தது, பீப். எட்டும் பீப். உள்ளே எட்டுக்கும் ஒரே மைனஸ்! இருநூறு ரூபாய் டெய்சி செயினுக்குச் சட்டை மாட்டி, நீல விளக்குப் போட்டு, மூவாயிரத்துக்கு விற்றிருக்கிறான். திருப்பி அனுப்ப எழுதினால், சாமான் வேலை செய்கிறதே, என்ன குறை என்று பதில். என்ன சொல்ல? எறிந்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

மைக் செட்டுக்காரர்களைப் பற்றித் தனியாகவே புலம்பலாம். ஒரே ஒரு பிளக் பாயின்ட் கேட்டால், சீரியல் லைட்டும் ஃபேனும் போகிற அதே பலகையில் ஒரு ஓட்டையைக் காட்டுவார்கள். எர்த் இருக்கிறதா என்று கேட்டால் ஏதோ நகை கேட்ட மாதிரிப் பார்ப்பார்கள். போகட்டும், அவர்களுக்கும் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாத வேலை.

கடைசியில் கரண்டே வேண்டாம், பவர் பேங்க் போதும் என்று முடிவு செய்தேன். செல்ஃபோனுக்கு வேகமாகச் சார்ஜ் ஏற்றுகிற பவர் பேங்க் பலதும் 9 வோல்ட் கொடுக்கும், அதை வாங்கித் தர ஒரு ஒயர் இருந்தால் போதும். டிலேக்கு மட்டும் அது, மற்ற மூன்றுக்கும் பழைய அடாப்டர். அப்படிப் பிரித்தால் வாய்க்கால் இரண்டாகிவிடும். ஒயரும் கிடைத்தது. ஆனால் மோடத்துக்கு என்று விற்கிற ஒயர். நடுவில் என்ன? பிளஸ்!

அதை நடுவில் வெட்டி, சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் பற்றவைத்து, இந்தத் தடவை மீட்டர் வைத்து மூன்று முறை பார்த்து, முனையில் தங்கச்சியின் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு பட்டை போட்டேன். சொருகினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் ஆம்ப் சும்மா இருந்தது. அவ்வளவு சுத்தம். ஒரு அரை மணி நேரம் வாசிக்காமலே கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மழையில் சாயங்காலமே கரண்ட் போனது. நான் வடசேரிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் வீட்டில் எல்லோரும் மோடத்தைச் சுற்றி நிற்கிறார்கள். தம்பிக்கு ஆன்லைன் கிளாஸாம். என் போர்டில் இருந்து பவர் பேங்க்கையும் அந்த ஒயரையும் கழற்றி மோடத்தில் சொருகியிருக்கிறான். பின் சரியாகச் சேர்ந்ததாம். மோடத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை. "நீ என்னலே ஒயர செஞ்சு வச்சிருக்க?" என்று அப்பா என்னைத்தான் கேட்கிறார்.